பிள்ளைக்கு முதல் கார்: புதிதா, பழையதா? சேலத்துப் பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மே மாதம் பிளஸ் டூ முடிவுகள் வந்த கையோடு சேலத்தில் பல வீடுகளில் ஒரே பேச்சு கிளம்புகிறது. பிள்ளை நல்ல மதிப்பெண் வாங்கிவிட்டான், பதினெட்டு வயதும் நெருங்கிவிட்டது, ஒரு கார் வாங்கிக் கொடுத்துவிடலாமா என்று அப்பா யோசிக்கிறார். அம்மாவுக்குப் பயம். தாத்தா மட்டும் பேரனின் பக்கம் நிற்கிறார். அப்படிப்பட்ட வீடுகளிலிருந்து என்னிடம் வரும் கேள்விகளையும் என் பதில்களையும் இங்கே தொகுத்திருக்கிறேன். சட்டம், பணம், மலைப்பாதை மூன்றும் இதில் கலந்து வரும். சேலத்தில் அவற்றைப் பிரித்துப் பேச முடியாது.

ஒரே வரியில் சொல்லுங்கள். 18 வயதுப் பிள்ளைக்குப் புதுக் கார் வாங்கிக் கொடுக்கலாமா?

வேண்டாம். முதல் ஓராண்டு வீட்டில் இருக்கும் காரைப் பெரியவர் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்க ஓட்டட்டும். அதன் பிறகும் தேவை இருந்தால், 2019 ஜூலைக்குப் பிறகு தயாரான, ஒழுங்காகப் பராமரிக்கப்பட்ட பழைய கார் ஒன்றை வாங்குங்கள். ஏன் 2019 ஜூலை என்பதைக் கீழே விளக்குகிறேன். இதற்கு விலக்கான வீடுகளும் உண்டு, அவற்றையும் சொல்கிறேன்.

என் மகனுக்கு 17 வயது. ஏற்காட்டில் எங்கள் எஸ்டேட்டுக்குள் நன்றாகவே ஓட்டுகிறான். பதினெட்டுக்கு இன்னும் சில மாதங்கள்தான். இப்போதே வாங்கினால் என்ன?

எஸ்டேட்டின் கேட் வரைதான் அது உங்கள் பாதை. கேட்டைத் தாண்டி ஒண்டிக்கடை ரவுண்டானா வரை போய் வந்தாலும் அது பொதுச் சாலை. கார் ஓட்டக் குறைந்தபட்ச வயது 18 என்று 1988 ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் சொல்கிறது. 50 சி.சி.க்கு மிகாத, கியர் இல்லாத இருசக்கர வண்டிக்கு மட்டும் 16 வயது போதும். காருக்கு அந்தச் சலுகை கிடையாது.

2019 இல் வந்த திருத்தம் பலருக்கும் முழுமையாகத் தெரியவில்லை. 199ஏ என்ற பிரிவு அப்போதுதான் சேர்க்கப்பட்டது. பதினெட்டு வயது நிறையாத பிள்ளை வண்டி ஓட்டிக் குற்றம் செய்தால், பெற்றோரோ வண்டியின் உரிமையாளரோ குற்றவாளியாகக் கருதப்படுவார். மூன்று ஆண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம். வண்டியின் பதிவு பன்னிரண்டு மாதங்களுக்கு ரத்தாகும். பிள்ளைக்கு 25 வயது ஆகும் வரை லைசென்ஸ் கிடைக்காது. தெரியாமல் நடந்தது, தடுக்க முயன்றோம் என்று நிரூபிக்க வேண்டிய பொறுப்பும் உங்களுடையதே. நீங்களே சாவியை எடுத்துக் கொடுத்திருந்தால் அதை எப்படி நிரூபிப்பீர்கள்?

2024 மே மாதம் புனேயில் 17 வயதுச் சிறுவன் ஓட்டிய விலை உயர்ந்த கார் மோதி இரண்டு இளம் மென்பொருள் பொறியாளர்கள் இறந்தார்கள். அந்தச் சிறுவனின் தந்தை கைதானார். மோதப்பட்ட இருவரும் இன்னொரு வீட்டின் பிள்ளைகள். சில மாதங்கள்தானே என்று நினைக்கும்போது அந்த இரண்டு வீடுகளையும் சேர்த்து நினைத்துப் பாருங்கள்.

புதுக் கார்தானே பாதுகாப்பு? பிள்ளையின் உயிரில் போய்ச் சிக்கனம் பார்க்கச் சொல்கிறீர்களா?

இல்லை. இந்தக் கேள்வி கேட்பவர்களின் மனம் எனக்குப் புரிகிறது, அதனால் விரிவாகவே சொல்கிறேன்.

புதுக் கார், பழைய கார் என்று பிரிப்பதைவிட, எந்தத் தேதிக்கு முன், எந்தத் தேதிக்குப் பின் என்று பிரிப்பது சரி. 2019 ஏப்ரல் முதல் விற்கப்படும் எல்லாக் கார்களிலும் ஏ.பி.எஸ். பிரேக் கட்டாயம். அவசரமாகப் பிரேக்கை மிதிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்காமல் காப்பது அது. மழை ஈரத்தில் மலை இறங்கும் புது ஓட்டுநருக்கு அதைவிட வேண்டியது எதுவுமில்லை. அதே ஆண்டு ஜூலை முதல் ஓட்டுநர் பக்கக் காற்றுப்பை, சீட் பெல்ட் போடாவிட்டால் எச்சரிக்கும் மணி, வேகம் 80 கிலோமீட்டரைத் தாண்டினால் ஒலிக்கும் எச்சரிக்கை, ரிவர்ஸ் சென்சார் ஆகியவையும் கட்டாயமாயின. பக்கத்து இருக்கைக்கும் காற்றுப்பை அதன் பிறகு கட்டாயமானது. ஆகவே 2020, 2021 இல் வந்த வண்டி பழையது என்றாலும், பக்கத்து இருக்கைக் காற்றுப்பை சிலவற்றில் இல்லாமல் போகலாமே தவிர, மற்ற அடிப்படைகள் அதில் இருக்கும். 2012 இல் வந்த, “ஓட்டிப் பழகத்தானே” என்று பெரியப்பா வீட்டிலிருந்து கைமாறி வரும் வண்டியில் பெரும்பாலும் இருக்காது. அந்த வண்டி வேண்டவே வேண்டாம்.

இன்னொன்று. புதுக் கார் வாங்க ஏழெட்டு லட்சம் ஒதுக்கும் குடும்பம் பெரும்பாலும் சிறிய காரின் அடிமட்ட மாடலில் போய் நிற்கும். அதே தொகையில் நான்கு ஆண்டு ஓடிய, ஒரு படி பெரிய, ஆறு காற்றுப்பைகளும் வழுக்கலைக் கட்டுப்படுத்தும் வசதியும் உள்ள மேல் மாடல் கிடைக்கலாம். எதில் பிள்ளை பத்திரமாக இருப்பான்? 2023 அக்டோபரில் தொடங்கிய பாரத் என்.சி.ஏ.பி. மோதல் சோதனையிலும், அதற்கு முன் குளோபல் என்.சி.ஏ.பி. நடத்திய சோதனைகளிலும் எந்த மாடல் எத்தனை நட்சத்திரம் பெற்றது என்பது பொதுவில் இருக்கிறது. ஷோரூம் விளம்பரத்தைப் பார்க்கும் முன் அதைப் பாருங்கள்.

இதற்கெல்லாம் முன்னால் செலவே இல்லாத ஒரு யோசனை. வீட்டில் இரண்டு கார் இருந்தால், அப்பா புதியதை வைத்துக்கொண்டு பழையதைப் பிள்ளைக்குக் கொடுப்பதுதான் வழக்கம். அதை மாற்றிக்கொள்ளுங்கள். முப்பது ஆண்டு ஓட்டிய கை பழைய வண்டியைச் சமாளித்துவிடும். மோதும் வாய்ப்பு அதிகம் உள்ளவருக்கே காற்றுப்பை அதிகம் உள்ள வண்டி போக வேண்டும். இதைச் சொன்னால் பல அப்பாக்களின் முகம் மாறுகிறது. ஆனாலும் பிள்ளையின் பாதுகாப்புதான் முதல் கவலை என்றால், அந்தக் கவலை முதலில் உங்கள் சாவிக் கொத்தில் தெரிய வேண்டும்.

பணக் கணக்கைப் பார்ப்போம். புதிதுக்கும் பழையதுக்கும் உண்மையில் எவ்வளவு வித்தியாசம்?

ஷோரூம் விலை 7,50,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 2023 நவம்பரில் மாற்றப்பட்ட தமிழ்நாட்டு வரி விகிதப்படி ஐந்து முதல் பத்து லட்சம் வரையிலான காருக்கு ஆயுட்கால வரி 13 சதவீதம். அதுவே 97,500 ரூபாய். புதுக் காருக்கு மூன்று ஆண்டுக்கான தேர்ட் பார்ட்டி இன்சூரன்ஸைச் சேர்த்தே எடுக்க வேண்டும். பதிவுக் கட்டணம், மற்றவை எல்லாம் கூட்டினால் ஆன் ரோடு விலை ஒன்பது லட்சத்தைத் தொட்டுவிடும்.

அதில் எட்டு லட்சத்தை 9 சதவீத வட்டியில் ஏழு ஆண்டுக் கடனாக எடுத்தால் மாதத் தவணை சுமார் 12,870 ரூபாய். ஏழு ஆண்டில் வட்டியாக மட்டும் 2,80,000 ரூபாய்க்கு மேல் போகும். இந்தக் காலம் முழுவதும் வண்டியின் மதிப்பு இறங்கிக்கொண்டே இருக்கும். இன்சூரன்ஸ் கம்பெனிகள் வைத்திருக்கும் தேய்மானக் கணக்கிலேயே ஆறு மாதம் கடந்த வண்டிக்கு 15 சதவீதம், ஓராண்டு கடந்தால் 20, ஐந்தாம் ஆண்டில் 50 சதவீதம் கழிக்கப்படுகிறது. பாதி மதிப்பை இழந்த பின்னும் உங்களுக்கு இரண்டு ஆண்டுத் தவணை பாக்கி இருக்கும்.

பழைய காரில் முதல் சில ஆண்டுகளின் இந்தச் சரிவை இன்னொருவர் ஏற்றுக்கொண்டுவிட்டார். ஆயுட்கால வரியையும் அவரே கட்டிவிட்டார். தமிழ்நாட்டுப் பதிவு வண்டியைத் தமிழ்நாட்டிலேயே வாங்கினால் அதை நீங்கள் மறுபடி கட்ட வேண்டியதில்லை.

2025 செப்டம்பர் 22 முதல் சிறிய கார்களுக்கான ஜி.எஸ்.டி. 18 சதவீதமாகக் குறைந்துவிட்டதே என்று இப்போது பலரும் கேட்கிறார்கள். உண்மைதான், புது விலை இறங்கியிருக்கிறது. புது விலை இறங்கினால் பழைய வண்டிக்காரரும் அவருடைய விலையை இறக்கித்தான் ஆக வேண்டும். பேரம் பேசும்போது அந்த மாடலின் இன்றைய ஷோரூம் விலையைக் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள்.

பெட்ரோலை மறந்துவிடாதீர்கள். லிட்டர் நூறு ரூபாய்க்கு மேல். மாதம் 600 கிலோமீட்டர், நகர நெரிசலில் லிட்டருக்கு 15 என்றால் நாலாயிரம் ரூபாய். அதைப் பிள்ளை கொடுக்கப் போவதில்லை.

இளம் ஓட்டுநர் என்றால் இன்சூரன்ஸ் பிரீமியம் கூடுமா?

வெளிநாட்டில் இருக்கும் உறவினர்கள் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். அங்கே கூடும். நம் ஊரில் வழக்கமான பாலிசிக்குக் கணக்கே வேறு: வண்டியின் மதிப்பு, வயது, எஞ்சின் அளவு, பதிவான ஊர். ஓட்டுபவரின் வயதை வைத்துப் பிரீமியம் போடும் பழக்கம் இங்கே இல்லை.

ஆனால் புது ஓட்டுநரின் முதல் ஆண்டில் பம்பர் உரசும், கண்ணாடி உடையும். ஒவ்வொரு முறையும் கிளைம் செய்தால் நோ கிளைம் போனஸ் போய்விடும். முதல் ஆண்டுக்கு 20 சதவீதத்தில் தொடங்கி, ஐந்து ஆண்டு கிளைம் இல்லாமல் இருந்தால் 50 சதவீதம் வரை சேரும் சலுகை அது. மேலும், பாகங்களுக்குத் தேய்மானம் கழிக்காமல் பணம் தரும் “பம்பர் டு பம்பர்” எடுக்காத சாதாரண ஃபுல் இன்சூரன்ஸில் பிளாஸ்டிக் பாகங்களுக்குப் பாதித் தொகைதான் வரும். இன்றைய காரின் முன்பக்கம் பெரும்பாலும் பிளாஸ்டிக்.

காரை யார் பெயரில் வாங்குவது?

பிள்ளை படித்துக்கொண்டிருக்கும் வரை அப்பா அல்லது அம்மா பெயரில். மாணவருக்கு வங்கி எப்படியும் கடன் கொடுக்காது.

இதில் பெரும்பாலோர் கவனிக்காத ஓட்டை ஒன்று இருக்கிறது. பாலிசியோடு வரும் 15 லட்சம் ரூபாய் கட்டாய விபத்துக் காப்பீடு, லைசென்ஸ் வைத்திருக்கும் உரிமையாளருக்கானது. அப்பா பெயரில் இருக்கும் காரை மகன் ஓட்டி அடிபட்டால் அந்தக் காப்பீடு மகனுக்கு வராது. லைசென்ஸ் இல்லாத அம்மா பெயரில் வண்டி இருந்தால் அது யாருக்குமே பயன்படாது. ஆகவே பாலிசி எடுக்கும்போதே காரில் பயணிப்பவர்களுக்கான கூடுதல் விபத்துக் காப்பீட்டைக் கேட்டு, ஓட்டும் பிள்ளைக்கு அது பொருந்துமா என்று எழுத்தில் உறுதி செய்துகொள்ளுங்கள். அல்லது பிள்ளை பெயரில் தனி விபத்துப் பாலிசி ஒன்று எடுத்துவிடுங்கள். அதற்கு ஆகும் தொகை பெரிதல்ல.

ஏற்காடு மலைப்பாதையில் எப்போது ஓட்ட விடலாம்?

இந்தக் கேள்விக்காகத்தான் இந்தப் பக்கத்தையே எழுதுகிறேன் என்றாலும் தவறில்லை. சேலத்துப் பிள்ளை லைசென்ஸ் வாங்கியதும் முதலில் போக நினைக்கும் இடம் ஏற்காடுதான். கோரிமேடு தாண்டினால் அடிவாரம், அங்கிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகள், மேலே ஏரி. போகும்போது நண்பர்கள் நால்வர். ஞாயிற்றுக்கிழமை. இந்தக் கூட்டணிதான் எனக்குப் பயம் தருகிறது.

ஏறுவது கடினம், இறங்குவது சுலபம் என்று புது ஓட்டுநர்கள் நினைக்கிறார்கள். நடப்பது நேர்மாறு. ஏறும்போது தவறு செய்தால் எஞ்சின் நின்றுபோகும், பின்னால் வருபவர் ஹாரன் அடிப்பார், மானம் போகும், அவ்வளவுதான். இறங்கும்போது பாரம் வண்டியைத் தள்ளுகிறது. கியரை மேலே வைத்துக்கொண்டு பிரேக்கை மட்டுமே மிதித்து வந்தால், நான்கைந்து வளைவுகளில் பிரேக் சூடேறிக் கருகிய வாடை வரும். அதற்கு மேல் மிதித்தாலும் பிடிப்பு குறைந்துகொண்டே போகும். எந்தக் கியரில் ஏறினாயோ அதே கியரில் இறங்கு என்பது மலை ஓட்டுநர்களின் பழைய பாடம். இரண்டாம் கியரில் வந்தால் எஞ்சினே வண்டியை இழுத்துப் பிடிக்கும், பிரேக்கை அவ்வப்போது தொட்டால் போதும். பெட்ரோல் மிச்சம் என்று நியூட்ரலில் இறக்குவதை நீங்களே செய்பவராக இருந்தால் இன்றோடு நிறுத்திவிடுங்கள். தொப்பூர் கணவாயில் பிரேக் பிடிக்காமல் லாரிகள் மோதும் செய்திகளை நாம் எத்தனை முறை படித்திருக்கிறோம்! அந்த நியூட்ரல் பழக்கமும் அதற்கு ஒரு காரணம் என்று திரும்பத் திரும்பச் சொல்லப்படுகிறது. பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து இத்தனை ஆண்டு பார்த்ததைத்தான் பிள்ளை செய்வான்.

வளைவில் ஏறி வரும் வண்டிக்கு இறங்கும் வண்டிதான் வழிவிட வேண்டும், பாதை குறுகலாக இருக்கும் இடத்தில் இது விதியே. பஸ் திரும்பும்போது அதன் பின்பக்கம் எவ்வளவு இடத்தை எடுக்கும் என்று பிள்ளைக்கு நின்று காட்டுங்கள். வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்து, கியரை மாற்றி முடித்திருக்க வேண்டும், வளைவுக்குள் கிளட்ச்சை மிதித்தபடி உருளக் கூடாது. குரங்குகளுக்குத் தின்பண்டம் போட நடுவழியில் நிற்கும் கார்கள் வளைவு திரும்பியதும் முன்னால் வரும். பனி இறங்கினால் எதிரே வருவது விளக்கு மட்டும்தான் தெரியும்.

2024 ஏப்ரல் இறுதியில் ஏற்காட்டிலிருந்து இறங்கிய தனியார் பஸ் ஒன்று கொண்டை ஊசி வளைவில் கவிழ்ந்து பயணிகள் இறந்தார்கள். அந்தப் பாதையில் பழகிய ஓட்டுநருக்கே அந்த நிலை. அதே ஆண்டு டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் மழையின்போது மண் சரிந்து போக்குவரத்து நின்றது. மழைக்காலத்தில் புது ஓட்டுநரை மலைக்கு அனுப்பவே கூடாது.

என் வரிசை இது. முதலில் சில மாதம் நகரத்துக்குள். ஐந்து ரோடு, புதிய பஸ் நிலையம், செவ்வாய்ப்பேட்டைச் சந்துகள் என்று நெரிசலில் கிளட்ச்சும் பிரேக்கும் காலுக்குப் பழக வேண்டும். அடுத்து ஓமலூர் வழியாக நெடுஞ்சாலை, கொண்டலாம்பட்டி, சீலநாயக்கன்பட்டி பைபாஸ் சந்திப்புகள், லாரிகளுக்கு நடுவே. பிறகு வார நாளின் காலையில், வெயில் வந்த பின், பெரியவர் ஒருவரோடு மட்டும் ஏற்காடு. முடிந்தால் அந்த முதல் பயணத்தை டிரைவிங் ஸ்கூல் காரிலேயே வைத்துக்கொள்ளுங்கள், ஆசிரியர் பக்கமும் பிரேக் இருக்கும். கோடை விழா நாட்கள், பொங்கல் விடுமுறை, மாலைக்குப் பிறகு இறங்குவது எல்லாம் ஓராண்டுக்குப் பிறகு. குப்பனூர் வழியில் கூட்டம் குறைவு என்று சிலர் அங்கே பழக்கச் சொல்கிறார்கள். குறைவுதான், ஆனால் எதுவும் ஆகிவிட்டால் உதவிக்கு வரும் ஆளும் குறைவு.

ஆட்டோமேட்டிக் கார் வாங்கிவிட்டால் கிளட்ச் தொல்லை இல்லையே?

நகரத்துக்கு நல்லது. ஆனால் மலிவு விலையில் வரும் ஏ.எம்.டி. வகை, ஏற்றத்தில் நின்று புறப்படும்போது சற்றுப் பின்னால் உருளக்கூடும். வாங்கும் மாடலில் ஏற்றத்தில் பிடித்து நிறுத்தும் வசதி இருக்கிறதா என்று பாருங்கள். இறங்கும்போது ‘டி’யிலேயே விட்டுவிடாமல் கையால் கியரைக் குறைக்கும் முறையையும் கற்றுக்கொடுங்கள். பிள்ளை முதலில் கிளட்ச் வண்டியில் பழகி லைசென்ஸ் எடுப்பதுதான் என் விருப்பம்.

எல்.எல்.ஆர். வாங்கியாயிற்று. இனித் தனியாக ஓட்டலாமா?

கூடாது. முன்னும் பின்னும் எல் போர்டு, பக்கத்தில் லைசென்ஸ் உள்ளவர், இரண்டும் கட்டாயம். எல்.எல்.ஆர். ஆறு மாதம் செல்லும், முப்பது நாள் கழித்துத் தேர்வுக்குப் போகலாம். முப்பதாம் நாளே ஓடாதீர்கள். ஆறு மாதத்தையும் முழுதாகப் பயன்படுத்துங்கள்.

பெங்களூரு வண்டி ஒரு லட்சம் மலிவாகக் கிடைக்கிறது என்கிறார் கன்சல்டிங்காரர். வாங்கலாமா?

சேலத்துக்கு பெங்களூரு பக்கம் என்பதால் கே.ஏ. நம்பர் வண்டிகள் இங்கே நிறைய வருகின்றன. மலிவுக்குக் காரணம் இருக்கிறது. அந்த வண்டிக்குக் கர்நாடகத்தில் ஆயுட்கால வரி கட்டியாயிற்று என்றாலும், இங்கே பதிவை மாற்றும்போது வண்டியின் வயதுக்கு ஏற்ற தமிழ்நாட்டு வரியை நீங்கள் கட்ட வேண்டும். அங்கே கட்டியதில் மீதியைத் திரும்ப வாங்க உரிமையாளர்தான் அந்த ஊர் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் மனுப் போட வேண்டும். தடையில்லாச் சான்றும் அங்கிருந்தே வர வேண்டும். இதையெல்லாம் கூட்டினால் ஒரு லட்சம் எங்கே போனது என்று தெரியாது.

“அப்படியே கே.ஏ. நம்பரிலேயே ஓட்டுங்கள், யார் கேட்கப் போகிறார்கள்” என்று சொல்லும் தரகரிடமிருந்து எழுந்து வந்துவிடுங்கள். உங்கள் பிள்ளை வேறொருவர் பெயரில் இருக்கும் வண்டியை ஓட்டுகிறான் என்று அதற்குப் பொருள்.

பழைய காரைப் பார்க்கப் போகும்போது எதையெல்லாம் பார்ப்பது?

பகலில் போங்கள். மழையில் நனைந்த காரையோ அப்போதுதான் கழுவிய காரையோ பார்க்காதீர்கள், ஈரம் பெயிண்ட் வித்தியாசத்தை மறைத்துவிடும்.

முதலில் சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுங்கள். பாதியில் ஒரு கோடு போல மண் கறை தெரிந்தால் அந்த வண்டி வெள்ளத்தில் நின்றது. 2023 டிசம்பர் மிக்ஜாம் மழையில் சென்னையில் மூழ்கிய கார்கள் எத்தனையோ. அவற்றில் பல துடைக்கப்பட்டு வேறு ஊர்களில் விற்பனைக்கு நின்றால் ஆச்சரியமில்லை. பிறகு டிக்கியைத் திறந்து ஸ்டெப்னியை வெளியே எடுங்கள். அந்தக் குழியின் மூலையில் விரலை விட்டால் நைசான வண்டல் ஒட்டுகிறதா, சீட்டுக்கு அடியில் இருக்கும் தண்டவாளத்தில் துரு இருக்கிறதா, தரைவிரிப்பைத் தூக்கினால் பூஞ்சை வாடை அடிக்கிறதா? வாசனை திரவியம் அளவுக்கு மீறித் தூக்கலாக இருந்தாலும் சந்தேகப்படுங்கள்.

பானட்டைத் திறந்து அதை இருபுறமும் பிடித்திருக்கும் போல்ட்டுகளைப் பாருங்கள். கம்பெனியிலிருந்து வந்த போல்ட்டில் பெயிண்ட் சீராக இருக்கும். ஸ்பேனர் போட்ட இடத்தில் மூலை உதிர்ந்திருந்தால் அதைக் கழற்றி மாட்டியிருக்கிறார்கள். ஏன் என்று கேளுங்கள். சின்ன டிங்கரிங் வேலையென்றால் பரவாயில்லை. முன்பக்கச் சட்டம் வரை வெல்டிங் இருந்தால் வேண்டாம், அடுத்த மோதலில் அது தாங்காது.

மலை வட்டாரத்து வண்டிகளில் கிளட்ச், பிரேக், கைப்பிரேக் மூன்றையும் கூடுதலாகப் பாருங்கள். ஏற்றத்தில் நிறுத்திக் கைப்பிரேக்கை மட்டும் போட்டுக் காலை எடுங்கள், வண்டி நகரக் கூடாது. மூன்றாம் கியரில் மெதுவாகப் போய் ஆக்சிலேட்டரை அழுத்தும்போது எஞ்சின் சத்தம் மட்டும் ஏறி வேகம் ஏறாவிட்டால் கிளட்ச் தேய்ந்துவிட்டது. டயரின் பக்கச் சுவரில் நான்கு இலக்கம் இருக்கும்: முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு ஆண்டு. 1520 என்றால் 2020 ஆம் ஆண்டின் பதினைந்தாம் வாரத்தில் தயாரானது. மேலே பட்டன் நன்றாக இருந்தாலும் ஆறு ஆண்டு தாண்டிய டயரை மாற்றிவிடுங்கள்.

கிலோமீட்டர் மீட்டரை நம்பாதீர்கள். கம்பெனி சர்வீஸ் சென்டரில் இருக்கும் பதிவுகளை உரிமையாளரை விட்டே கேட்டு வாங்கச் சொல்லுங்கள். மத்திய அரசின் பரிவாகன் இணையதளத்தில் கட்டாத அபராதம் இருக்கிறதா என்று பாருங்கள், ஆர்.சி.யில் ஃபைனான்ஸ் கம்பெனியின் பெயர் இருக்கிறதா என்றும் பாருங்கள். இருந்தால் கடன் தீர்ந்தது என்று அந்தக் கம்பெனி தரும் என்.ஓ.சி.யும், ஆர்.சி.யிலிருந்து அதன் பெயரை நீக்கும் படிவம் 35 உம் கைக்கு வராமல் முழுப் பணத்தைக் கொடுக்காதீர்கள்.

இத்தனையும் பார்த்துப் பிடித்திருந்தால், விற்பவரோடு தொடர்பில்லாத மெக்கானிக் ஒருவரை அழைத்துப் போங்கள். அவருக்குக் கொடுக்கும் கூலி வீணாகாது.

மகளுக்கு வாங்குகிறோம். பழைய வண்டி இரவில் நடுவழியில் நின்றுவிட்டால்?

இதே பயம் மகனுக்கும் பொருந்த வேண்டும். ஐந்து ஆண்டுக்குட்பட்ட, சர்வீஸ் தவறாத கார் திடீரென்று நிற்பது அரிது. நிற்பது பெரும்பாலும் பேட்டரியாலும் பஞ்சராலும், அவை புதுக் காரிலும் உண்டு. புது பேட்டரி போட்டு, இன்சூரன்ஸோடு வழியோர உதவிச் சேவையையும் சேர்த்துவிடுங்கள். ஸ்டெப்னி மாற்றுவதை வீட்டு வாசலில் வைத்து அவளே செய்து பழகட்டும்.

நான் சொன்ன விலக்குகள் இங்கேதான் வருகின்றன. படிப்பை முடித்து வேலைக்குப் போய், ஆத்தூரிலிருந்தோ மேட்டூரிலிருந்தோ தினமும் நெடுந்தூரம் ஓட்ட வேண்டியவர், இரவுப் பணி உள்ளவர், தவணையில் ஒரு பகுதியையாவது தன் சம்பளத்தில் கட்டுபவர்: இவர்களுக்குப் புதுக் கார் நியாயமான முடிவு. உடல் குறைபாடு காரணமாகக் கையாலேயே இயக்கும்படி மாற்றியமைத்த வண்டி தேவைப்படுபவருக்கும் புதியதே நல்லது.

எனக்கு 18 வயது. நண்பர்கள் எல்லாரிடமும் புதுக் கார் இருக்கிறது. பழைய காரில் போய் இறங்கினால் மதிப்பார்களா?

தம்பி, உங்கள் வருத்தம் எனக்குச் சின்னதாகத் தெரியவில்லை. அந்த வயதில் இது உண்மையான வலி. ஆனால் ஒன்றை யோசித்துப் பாருங்கள். புதுக் கார் வாங்கிய வீடுகளில் பலவற்றில் அது உறை போட்டு நிற்கிறது. கீறல் விழுமே என்று அப்பா சாவியைக் கொடுக்க மாட்டார். பழைய கார் என்றால் தினமும் உங்கள் கைக்கு வரும். ஓராண்டில் உங்கள் கையும் காலும் அந்த நண்பர்களைவிட எங்கோ போயிருக்கும்.

அப்பாவிடம் நீங்களே ஒரு வாக்குக் கொடுங்கள்: முதல் ஆறு மாதம் நண்பர்களை ஏற்றிக்கொண்டு போவதில்லை. காரில் கூடவே ஒத்த வயதினர் இருந்தால் இளம் ஓட்டுநர்கள் கூடுதல் ஆபத்தை மேற்கொள்கிறார்கள் என்பது பல நாட்டு ஆய்வுகளில் தெரிய வந்த விஷயம். பின்சீட்டில் இருப்பவர் “இன்னும் கொஞ்சம் அழுத்துடா” என்று சொல்லும்போது, அவர் வீட்டிலும் ஓர் அம்மா காத்திருக்கிறார் என்பதை நீங்கள்தான் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

கல்லூரிக்குப் போய்வரக் கார் தேவையா?

சேலத்தைச் சுற்றியுள்ள கல்லூரிகள் பெரும்பாலானவற்றுக்குக் கல்லூரி பஸ் வீதி வரை வருகிறது. மாணவர் காரை வளாகத்துக்குள் விடுவார்களா என்று முதலில் கல்லூரியில் கேளுங்கள். விடுதியில் சேரும் பிள்ளைக்குக் கார் வேண்டவே வேண்டாம்.

வாங்க முடிவு செய்துவிட்டோம். பெயர் மாற்றத்தில் எதைக் கவனிப்பது?

படிவம் 29, 30 இரண்டிலும் விற்பவர் கையெழுத்து வாங்கி, ஆர்.சி., இன்சூரன்ஸ், புகைச் சான்று, அடையாள ஆவணங்களோடு பரிவாகன் வழியாக விண்ணப்பியுங்கள். வாங்கியவர் முப்பது நாளுக்குள் தெரிவிக்க வேண்டும். “அப்புறம் மாற்றிக்கொள்ளலாம்” என்று தேதி போடாத கையெழுத்தோடு வண்டியை எடுத்து வராதீர்கள். இன்சூரன்ஸைப் பதினான்கு நாளுக்குள் உங்கள் பெயருக்கு மாற்ற விண்ணப்பிக்க வேண்டும். விற்றவரின் நோ கிளைம் போனஸ் அவரோடு போய்விடும், ஆகவே அந்த வித்தியாசத் தொகையைக் கம்பெனி உங்களிடம் கேட்கும். பழைய ஃபாஸ்டேக்கை விற்றவர் மூடிவிட்டாரா என்று பார்த்து, உங்கள் பெயரில் புதிதாக எடுத்து ஒட்டுங்கள். இல்லாவிட்டால் ஓமலூர் டோல்கேட்டில் உங்கள் பிள்ளை கடக்கும் ஒவ்வொரு முறையும் அவருடைய கணக்கில்தான் பணம் கழியும்.